நாற்பது சொட்டு

தண்ணீர் அலுவலகத்தின் பின்கட்டில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறையில், பதினொரு வருஷமாக ஒரு மனிதர் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அதனால் ஊரில் அவருக்குச் சொட்டு சார் என்று பேர் விழுந்துவிட்டது. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வருத்தம் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பேரைவிட இதில் செய்கிற வேலை தெளிவாகத் தெரிகிறது என்பது அவர் கட்சி.

வேலை இதுதான். ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊர்க் குழாய்த் தண்ணீரை ஐம்பது மில்லி அளந்து ஊற்றுவார். மூக்கைத் துளைக்கும் ஒரு திரவம் கொஞ்சம், கறுப்புப் பொடி ஒரு சிட்டிகை. தண்ணீர் திராட்சைச் சிவப்பாகிவிடும். மேலே நீளமான கண்ணாடிக் குழலில் மருந்து நிற்கும். அதன் திருகை இளக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். சிவப்பு போய் நீலம் வந்த சொட்டோடு நிறுத்த வேண்டும். எத்தனை சொட்டோ, தண்ணீர் அத்தனை கடினம். முப்பது, நாற்பது என்றால் தங்கமான தண்ணீர். முந்நூறைத் தாண்டினால் குழாயில் வருவது தண்ணீரா, கரைத்த சுண்ணாம்பா என்று யோசிக்க வேண்டியதுதான்.

அந்த ஊர்த் தண்ணீர் மாதா மாதம் நாற்பது. பதினொரு வருஷத்தில் ஒரே ஒரு மாதம் தவிர எப்போதும் நாற்பது. அலுவலக வாசல் பலகையில் சொட்டு சாரின் கையெழுத்தோடு அந்த எண் தொங்கும். மேலிடத்திலிருந்து 'மென்னீர் நகரம்' என்று ஒரு பித்தளைப் பலகையே கொடுத்திருந்தார்கள்.

ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் சிரிப்புதான் வரும். எந்த வீட்டுக் குளியலறையிலும் ஷவரில் ஒரு ஓட்டைக்கு மேல் வேலை செய்யாது. அந்த ஒன்றும் பக்கவாட்டில் பீய்ச்சும். ஜனங்கள் ஜன்னலோரம் ஒதுங்கி நின்று குளித்துப் பழகிவிட்டார்கள். வெந்நீர்க் கெட்டிலுக்குள் வெள்ளைப் பாறை வளர்ந்து, ஒரு டம்ளர் கொதிக்கவைக்கும் நேரத்தில் ஒரு குளியலே போட்டுவிடலாம். கெய்சர் ரிப்பேர்க்காரர் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். புகார் கொடுக்கலாமே என்றால், கொடுக்கலாம். புகார்ப் படிவத்தோடு ஆய்வுக்கூட அறிக்கையை இணைக்க வேண்டும். அறிக்கையில் நாற்பது என்று இருக்கும். தண்ணீர் நன்றாக இருப்பதாக நீங்களே ஆதாரம் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லிப் புகாரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதில் யார் யாரோ கஷ்டப்பட்டார்கள். ஆனால் சொட்டு சாரின் மனைவியைப் போல ஒருவரும் பட்டிருக்க மாட்டார்கள். அவள் வீட்டின் முன்பகுதியில் சலவைக் கடை வைத்திருந்தாள். இரண்டு மெஷின், ஒரு நீராவி இஸ்திரிப்பெட்டி, சுவர் நீளத்துக்குக் கம்பி. கடை திறந்த புதிதில் அவளிடம் வெளுக்கப் போட்ட சட்டை கண்ணைப் பறிக்கும் என்று பேச்சு. பதினொரு வருஷத்துக்கு முன் அவர்கள் தெருவைப் பழைய குழாயிலிருந்து புதிய ஆழ்குழாய்க்கு மாற்றிய பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. வெள்ளைச் சட்டை சாம்பலாக வந்தது. துண்டு காய்ந்தால் அட்டை. மூலையில் சாய்த்து வைத்தால் தானாகவே நிற்கும். ஒரு வாடிக்கையாளர் அது ஸ்டாண்ட் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி அதன்மேல் மாட்டிவிட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். இஸ்திரிப்பெட்டி நீராவிக்குப் பதிலாக வெள்ளைப் பொடியைத் துப்பியது.

"தண்ணி சரியில்லைங்க" என்றாள் அவள், முதல் வருஷம்.

"நாற்பது" என்றார் அவர்.

"சோப்பு நுரையே வரமாட்டேங்குது."

"நாற்பதுல நுரை வராம இருக்காது. நீ சோப்பைக் கம்மியா போடுறே."

கூடப் போட்டாள். அப்போதும் வரவில்லை. கூடப் போட்டதுதான் தப்பு என்றார். ஏழு வகை சோப்புத்தூள் மாற்றினாள். ஒருநாள் அவருடைய சாப்பாட்டுப் பையில் கடைக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி, 'இதையும் கொஞ்சம் பாருங்களேன்' என்று சீட்டு எழுதி வைத்தாள். ஊழியர் தன் வீட்டுத் தண்ணீரைத் தானே சோதிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சொட்டு சார் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்து, நன்றாகக் கழுவித் துடைத்து, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். "இனிமே இப்படிப் பண்ணாதே, எனக்குச் சங்கடம்" என்றார். பாட்டில் பளபளவென்று இருந்தது.

அவள் அதற்கப்புறம் தண்ணீர்ப் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் மோசம். வாடிக்கையாளர் வந்து கத்தினால், "என் கைதாங்க சரியில்ல, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் சண்டையைத் தவிர்க்கத்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி நாளடைவில் நம்பியும் விட்டாள். சில சமயம் மெஷின் பக்கத்தில் நின்றபடி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். சொட்டு சார் பார்த்தும் பார்க்காதவர் போல உள்ளே போய்விடுவார். நாற்பது என்பது நாற்பதுதானே, அவர் என்ன செய்வார்!

இப்போது அந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். விதிப்படி ஊருக்கு ஒரே ஒரு நிலையான குழாய். அது கடிகாரம் ரிப்பேர் செய்பவரின் வீட்டுச் சமையலறைக் குழாய். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதைத் தவிர அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் இல்லை. மாதத்தின் முதல் திங்கள், காலை பத்து மணி. சொட்டு சார் பாட்டிலோடு போய்க் கதவைத் தட்டுவார். மாதிரியை அலுவலரே எடுக்க வேண்டும், குழாயை இரண்டு நிமிஷம் திறந்து விட்டு அப்புறம் பிடிக்க வேண்டும். ஆனால் முதல் தடவை போனபோதே கடிகாரக்காரரின் மனைவி சமையலறை வாசலில் குறுக்கே நின்றுவிட்டார். "தரை ஈரம் சார், வழுக்கிடும். நீங்க உக்காருங்க, நான் பிடிச்சுட்டு வர்றேன்." அந்தத் தரை பதினொரு வருஷமாகக் காயவே இல்லை. சொட்டு சார் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஆளுக்கொரு மணி காட்டும் பதினாறு கடிகாரங்களுக்கு நடுவே, தன் கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் பார்ப்பார். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்கும். சரியாக நேரம் முடிந்ததும் அந்த அம்மாள் நிறைந்த பாட்டிலை முந்தானையால் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். அடுத்த மாதம் இவர், "போன தடவை உங்க வீட்டுத் தண்ணி நாற்பதும்மா, பிரமாதம்" என்பார். அந்த அம்மாளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

எல்லாம் இப்படியே போயிருக்கும். பக்கத்து நகரத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்து சேராமல் இருந்திருந்தால்.

அவர் ஊரிலும் இதே ஆழ்குழாய், இதே பாறை, இதே மண். அங்கே ஐந்நூறு, அறுநூறு என்று வருகிறது. இங்கே மட்டும் நாற்பது எப்படி என்று கற்றுக்கொண்டு போக வந்திருந்தார். பெரிய சாருக்கு, அதாவது அலுவலகத் தலைவருக்கு, தலைகால் புரியவில்லை. பித்தளைப் பலகையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கச் சொன்னார். "நம்ம முறைதான் காரணம்மா" என்றார். என்ன முறை என்று அந்தப் பொறியாளர் கேட்டதற்கு, "அதை இவர் சொல்வார்" என்று சொட்டு சாரைக் கை காட்டிவிட்டார். சொட்டு சார், "ஒழுங்கு" என்றார். பொறியாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

அன்றைக்குச் சொட்டு சார் வீட்டை விட்டுக் கிளம்பிய நிலைமையையும் சொல்ல வேண்டும். மனைவியின் கடையைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரே பெரிய வாடிக்கை ஒரு மருத்துவமனை. அவர்கள் எழுபது படுக்கை விரிப்புகளை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் வெள்ளையாகத் தராவிட்டால் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது போனால் கடை இல்லை. காலையில் அவள் மெஷினை நம்பாமல் தொட்டியில் போட்டுக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கோட ஷட்டரை இறக்கிடலாம்னு இருக்கேங்க. எனக்கு இந்த வேலை வரல போல" என்றாள். அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பதில் சொல்லத் தோன்றியிருந்தால் மனிதர். தோன்றவில்லை.

மூன்று பேரும் கடிகாரக்காரர் வீட்டுக்குப் போனார்கள். பெரிய சார் ஒரு நாற்காலி, சொட்டு சார் ஒரு நாற்காலி. பொறியாளர் உட்காரவில்லை. "நான் கூட வர்றேம்மா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குள் போய்விட்டார். தரை காய்ந்துதான் இருந்தது. வழுக்கவும் இல்லை. ஆண்கள் இரண்டு பேரும் எழுந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

கடிகாரக்கார அம்மாள் குழாயைத் திறந்துவிட்டார். ஓடுகிற தண்ணீரில் பாட்டிலை உள்ளும் புறமும் கழுவினார். இரண்டு நிமிஷம் அதற்குத்தான் ஆகும். பிறகு குழாயை மூடிவிட்டு, மேடைமேல் இருந்த கேன் தண்ணீரைச் சாய்த்துப் பாட்டிலை நிரப்பினார். மூடி போட்டார். துடைத்தார். முகத்தில் பெருமிதம் வழியப் பொறியாளரிடம் நீட்டினார்.

முன்னறையில் கடிகாரங்கள் மட்டும் ஆளுக்கொரு தினுசாக ஓடிக்கொண்டிருந்தன.

"எப்பவுமே இதுலருந்துதான் குடுப்பீங்களாம்மா?" என்று பொறியாளர் மெதுவாகக் கேட்டார்.

"பின்ன? வீடு தேடி வந்து தண்ணி கேக்குறார் ஒரு மனுஷர். அந்தக் குழாய்த் தண்ணியையா குடுப்பாங்க? அதுல பாத்திரம் கழுவினாலே வெள்ளையாப் படியுது. ஒவ்வொரு மாசமும் வந்து உங்க வீட்டுத் தண்ணி பிரமாதம்னு சொல்றார். நம்ம வீட்டு மானத்தைக் காப்பாத்தணும் இல்ல? இடையில ஒரு மாசம் மட்டும் கேன் கடையை மாத்தினேன். அப்போ இன்னும் நல்லா இருக்குன்னு சொன்னார்."

சொட்டு சாருக்கு அந்த மாதம் நன்றாக நினைவிருந்தது. நாற்பது இருபத்திரண்டாகக் குறைந்த மாதம். மலைப்பகுதி மழைப்பொழிவுதான் காரணம் என்று அவர் இரண்டு பக்கம் குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பாராட்டுக் கடிதம் வந்தது.

பொறியாளர் அந்தப் பாட்டிலைக் கீழே ஊற்றிவிட்டுக் குழாயிலேயே பிடித்துக்கொண்டார். மூவரும் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். சொட்டு சார் அளந்தார், ஊற்றினார், பொடி போட்டார். சிவப்பு வந்தது. திருகை இளக்கி, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

நாற்பதில் சிவப்பு அப்படியே இருந்தது.

"லேசா நீலம் தட்டுதே" என்றார் பெரிய சார்.

"இல்ல சார்."

நூறில் சிவப்பு. நூற்றைம்பதில் பெரிய சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என் கண்ணுக்கு நீலமாத்தான்யா தெரியுது, நிறுத்துய்யா" என்றார். அவர் நிறுத்தவில்லை. முந்நூறில் பெரிய சார் உட்கார்ந்துவிட்டார். நானூறில் எழுந்து போய் ஜன்னலை மூடப் பார்த்தார், அது மூடவில்லை. ஐந்நூறுக்கு மேல் சொட்டு சாரின் தொண்டை கட்டிக்கொண்டது. எண்ணிக்கையைப் பொறியாளர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சொட்டும் விழ விழ சொட்டு சாரின் மனதில் ஒரு சட்டை வந்து போனது. அந்தச் சட்டை. அந்தத் துண்டு. அந்த விரிப்பு. சோப்பைக் கம்மியா போடுறே என்று தான் சொன்னது. கூடப் போட்டுட்டே என்று தான் சொன்னது. அறுநூற்றுப் பன்னிரண்டில் நீலம் வந்தது.

பொறியாளர் கும்பிட்டு விடைபெற்றார். "எங்க ஊர் இவ்வளவு மோசமில்ல. போய்ச் சொன்னா சந்தோஷப்படுவாங்க" என்றார்.

அவர் போனதும் பெரிய சார் கதவைச் சாத்தினார். "என்னய்யா பண்ணப் போறே?"

"அறுநூத்திப் பன்னிரண்டுன்னு எழுதணும் சார்."

"பைத்தியமா உனக்கு? போன மாசம் நாற்பது, இந்த மாசம் அறுநூறா? ஜனங்க தாங்குவாங்களா? இந்த மாசம் நாற்பத்தி ரெண்டு போடு. அடுத்த மாசம் நாற்பத்தஞ்சு. அப்படியே மெதுவா ஏத்திக்கிட்டே போகலாம். நாம ரெண்டு பேரும் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள உண்மைக்கு வந்து சேர்ந்துடலாம். இல்லேன்னா இன்னொரு வழி இருக்கு. நிலையான குழாய்ங்கிறதை நிலையான கேன்னு மாத்தி ஒரு ஆர்டர் போட்டுடறேன். அப்போ உன் பழைய கணக்கு அத்தனையும் சரியாயிடும்."

ஒரு கணம், உள்ளதைச் சொன்னால், சொட்டு சாருக்கு ஆசை வந்தது. நூற்று முப்பது அறிக்கைகளும் சரியாகிவிடும்! பிறகு எழுபது படுக்கை விரிப்புகளின் நினைவு வந்தது. அவர் உட்கார்ந்து 612 என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார், வாசலுக்குப் போய்ப் பலகையில் தானே ஒட்டினார். பெரிய சார் பின்னாலேயே வந்து, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பழைய ஃபைல் அறையில்தான் உனக்கு வேலை என்றார். சரி சார் என்றார் இவர். அந்தப் பேச்சு அவர் மண்டையில் ஏறவே இல்லை. பதினொரு வருஷத்தில் முதல் முறையாக மதியமே வீட்டுக்குக் கிளம்பினார்.

கடையில் அவள் இன்னும் தொட்டியருகே குனிந்திருந்தாள். முழங்கை வரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது. பிழிந்து போட்ட விரிப்புகள் கம்பியில் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் தொங்கின. இந்த நேரத்தில் அவரைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேன், தரை, இருபத்திரண்டு, மழைப்பொழிவு. ஒன்றையும் மறைக்கவில்லை. நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கேட்பவர் யாராக இருந்தாலும் வரும். அவளுக்கு வரவில்லை.

"அறுநூறா?"

"அறுநூத்திப் பன்னிரண்டு."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கத்துவாள், பாட்டிலை நினைவுபடுத்துவாள், வாளியைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்து அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். அவள் கேட்டது வேறு.

"அப்போ நான் சரியாத்தான் துவைச்சிருக்கேன், இல்ல?"

சொட்டு சார் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"வாயால சொல்லுங்க."

"ஆமா. நீ சரியாத்தான் துவைச்சிருக்கே."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேருந்து."

"எழுதிக் குடுங்க" என்றாள். "நாற்பதுக்கு மாசா மாசம் கையெழுத்துப் போட்டீங்களே. இதுக்கும் போட்டுக் குடுங்க. விரிப்போட சேத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அவங்க ஒத்துக்கிட்டா கடை இருக்கும், இல்லேன்னா போகும். ஆனா தப்பு என்னோடதுன்னு நினைச்சுக்கிட்டு இதை நான் மூடமாட்டேன்."

அவர் பையிலிருந்து ஓர் அறிக்கைப் படிவத்தை எடுத்தார். இஸ்திரி மேசைமேல் வைத்து, மாதிரி எடுத்த இடம் என்ற கட்டத்தில் 'என் வீடு' என்று எழுதினார். சோதிக்காத தண்ணீருக்கு எண் போட முடியாது என்று கடினம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். அந்த நேரத்திலும் விதி! குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வெகுநேரம் யோசித்து, 'துவைத்தவர் மீது எந்தத் தவறும் இல்லை. தவறு சோதித்தவருடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவள் வாங்கி ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"தேதி போடலையே."

அவர் இன்றைய தேதியை எழுதப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது வேண்டாம். பதினொரு வருஷத்துக்கு முந்தின தேதி போடுங்க."

தெரிந்து ஒரு பொய்த் தேதி போட்டது கிடையாது அவர். பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாள், மாதம், வருஷம் என்று ஒவ்வொன்றாக அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்.